மூக்கு பாய்க்கு நான் எழுதிக்கொடுத்த சான்றிதழ்

எனக்கு இனிப்பு ஆகாது, மேடம். சர்க்கரை இருக்கிறது, வேளைக்கு ஒரு மாத்திரை ஓடுகிறது. இருந்தாலும் முனீர் பாய் ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. ஒருவர் ஆசையாகக் கொடுப்பதைத் தள்ளுகிற சுபாவம் என்னிடம் கிடையாது. உங்கள் விசாரணை அறிக்கையில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி இந்தத் தாள்களைக் கொடுத்திருக்கிறீர்கள். எழுதுகிறேன். லுப்னா உங்களிடம் ஒப்படைத்த அந்த ஒற்றைத் தாள் உண்மையானதுதான். அடியிலிருப்பது என் கையெழுத்து. மறுக்கப்போவதில்லை. ஆனால் நாலு வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்ட பெண், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை உங்களிடம் கொண்டுவந்தாள் பாருங்கள், அதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

என் பெயர் ஜெயப்பிரகாஷ். டாக்டர் என்று போட்டிருந்தாலும் ஊசி போடுகிறவன் அல்ல. வாசனையை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று ஆராய்கிறவன். காட்பாடியில் எங்கள் ஆய்வு மையத்தின் வாசலில் 'வாசனையின் விஞ்ஞானி' என்று என் படம் போட்ட பேனர் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதை நானாக வைக்கவில்லை. வாசகத்தை மட்டும் திருத்திக் கொடுத்தேன். என் மனைவி மோகனா அதைப் பார்த்துவிட்டு, "அடுப்புல பால் தீயறது தெரியல, இவருக்கு பேனரு" என்றாள். மேதைகளின் வீடுகளில் இது வழக்கம்.

வாசனை ஒரு விசேஷமான புலன், மேடம். கண்ணோ காதோ அனுப்புகிற சேதி எதுவானாலும் மூளையின் நடுவில் ஒரு வரவேற்பறையில் பேர் கொடுத்துக் காத்திருந்துதான் உள்ளே போக வேண்டும். வாசனைக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. மூக்கின் கூரையிலிருந்து மூளையின் அடியில் இருக்கும் இரண்டு சின்னக் குமிழ்களுக்கு. அங்கிருந்து வீட்டு மாப்பிள்ளை மாதிரி நேராக உள்ளறைக்கு, பயமும் ஆசையும் பழைய ஞாபகமும் குடியிருக்கிற இடத்துக்குப் போய்விடும். இதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை என்கிற இடத்தில் எப்போதும் கைதட்டுவார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு அபூர்வமான மூக்கு தேவைப்பட்டது. ஆம்பூரில் அது இருந்தது.

முனீர் அகமதுக்கு ஐம்பத்து மூன்று வயது. தோல் பதனிடும் ஒரு டேனரியில் தரம் பிரிக்கிற வேலை. லாரியில் உப்புத்தோல் வந்து இறங்கும். ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகில் கொண்டுபோவார். நல்லதை வலப்பக்கம் எறிவார், அழுக ஆரம்பித்ததை இடப்பக்கம். எறிந்தது தப்பினதாகச் சரித்திரம் இல்லை என்றார்கள். ஊரே அவரை 'மூக்கு பாய்' என்றுதான் கூப்பிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூட அந்தப் பேர்தான் எழுதிக் கொடுப்பார்களாம்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. டேனரியின் கழிவுநீர் எல்லாம் போய்ச் சேரும் ஒரு தொட்டி. மூன்று வாரத்துக்கொரு தரம் அங்கே மோட்டாரில் முடியும் சவ்வும் அடைத்துக்கொள்ளும்; ஒரு ஆள் இறங்கி எடுக்க வேண்டும். பெருமாள் என்று ஒருவன் இறங்குவான். அந்தத் தொட்டியில் ஒரு வாயு உண்டாகும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆளைக் கொல்லும். ஆகவே மூடியைத் திறந்ததும் மூக்கு பாய் விளிம்பில் குந்தி மோந்து பார்ப்பார். "எறங்கு" என்றால் பெருமாள் இறங்குவான். "இருடா" என்றால் பீடி பற்றவைக்கத் தூரமாகப் போவான். இருபது வருஷமாக அந்த டேனரியில் இதுதான் முறை.

வாயுவை அளக்க ஒரு கருவியும் இருந்தது. மேனேஜர் சமீருல்லாவின் அறையில், கண்ணாடி பீரோவுக்குள். ஆயுத பூஜைக்குத் தொழிலாளிகள் வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் அப்படியே இருந்தன. பேட்டரிதான் இல்லை.

2022 தை மாதம் அவரை முதல்முதலாக மையத்துக்கு அழைத்துவந்தோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். இருபது சீசாக்கள். ஒவ்வொரு சீசாவுக்கும் நாலு பேர் சொல்வோம், ரோஜா, கருவாடு, மண்ணெண்ணெய், சாம்பிராணி என்று. அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீசாவின் வாசனை போய்விடவில்லையே என்று லுப்னா முதலில் தான் முகர்ந்து பார்த்துவிட்டு அவரிடம் நீட்டுவாள். அது நானே வகுத்த நெறிமுறை. இருபதுக்குப் பதினெட்டு சொன்னார்.

பிறகு ஸ்கேன். குழாய் வழியாக மூக்குக்கு வாசனை போகும். அந்த நேரத்தில் மூளையின் எந்தப் பகுதி சுறுசுறுப்பாகிறது என்று திரையில் தெரியும். ஒவ்வொரு வாசனைக்கும் முன்னால் அதன் பெயரைக் காதில் சொல்ல ஏற்பாடு செய்திருந்தேன். "இப்போது அத்தர்." "இப்போது எலுமிச்சை." லுப்னா தயங்கிக்கொண்டே கேட்டாள்: "சார், ஒரு தடவை பேர் சொல்லாம குடுத்துப் பாக்கலாமா?"

"பெரிய மனுஷனை வரவழைச்சுட்டு விடுகதை போடக்கூடாதும்மா" என்றேன்.

அத்தர் என்றதும் திரையில் அவருடைய மூளை தீபாவளியாக எரிந்தது. இப்போதும் அந்தப் படத்தை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

கட்டுரை வெளியானது. 'ஓர் அபூர்வ மூக்கின் மூளை வரைபடம்'. சென்னையில் இரண்டு விருது கொடுத்தார்கள். பாரிசிலிருந்து ஒரு வாசனைத் திரவியக் கம்பெனி பேச அழைத்தது. விருது மேடையில் முனீர் பாயையும் ஏற்றிச் சால்வை போர்த்தினோம். அவர் அந்தச் சால்வையை மூக்கில் வைத்து, "புதுசு சார்" என்றார். அரங்கம் சிரித்துக் கைதட்டியது. மாப்பிள்ளைக்கு விழுந்ததைவிடக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அந்தக் கட்டுரையின் பதினேழாம் அடிக்குறிப்பைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். ஆம், அதுவும் நான் எழுதியதுதான். தொட்டி வாயுவின் அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் நாற்றம் கூடாது, நின்றுவிடும். சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப்போகும். ஆகையால் எப்பேர்ப்பட்ட மூக்கையும் நம்பி யாரும் இறங்கலாகாது. தெளிவாகவே எழுதியிருக்கிறேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது.

இனி அந்த பேடா.

போன பிப்ரவரியில் ஒரு நாள் பாய் வழக்கம்போல டப்பாவோடு வந்தார். திறந்ததுமே ஊசிப்போன நெய் நாற்றம். லுப்னா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஆனால் அவள் நின்றது பாயின் முதுகுக்குப் பின்னால். என் முகம் கணினிக்குப் பின்னால் இருந்தது. பாய் ஒரு பேடாவை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி ரசித்து, "இன்னா வாசனை சார், நெய்யின்னா ஆற்காட்டு நெய்யிதான்" என்றார்.

நான் டப்பாவை மூடினேன். லுப்னாவை அந்த இருபது சீசாக்களையும் கொண்டுவரச் சொன்னேன். இந்த முறை அவளை ஒரு துணித்திரைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, கையை மட்டும் நீட்டச் சொன்னேன். சும்மா சீட்டுக் குலுக்கிப் போட்டாலே இருபதுக்கு ஐந்து வரும். அவருக்கு நாலு வந்தது. நாலும் கற்பூரம், நவச்சாரம் மாதிரியானவை. சில்லென்று குளிர்வதும் சுள்ளென்று குத்துவதும் வேறொரு நரம்பின் வேலை, வாசனையில் சேராது. உங்கள் கையிலிருக்கும் தாள் அந்தப் பரிசோதனையுடையது.

லுப்னாவை வெளியே அனுப்பினேன். பாய் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மெய்யாலுமே சொல்லிடறேன் சார். ரெண்டாவது கொரோனாவுல போச்சு. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்தேன். வரல."

"அப்ப இங்க எப்படிச் சொன்னீங்க?"

"நம்ம லுப்னா பொண்ணு மொகத்தப் பாத்துத்தான். நல்ல வாசனைன்னா அதுக்குப் புருவம் மேல போவும். கெட்டதுன்னா உதடு கோணிக்கும். நாலு பேருல ஒண்ணு எடுக்கறது கஷ்டமா சார்?"

"தோல்?"

"அது கட்டவெரலு." வெட்கப்பட்டபடி விரலைக் காட்டினார். "மூக்குகிட்ட கொண்டு போறப்ப, அடியில கட்டவெரலால முடிய ஒரு இழு இழுப்பேன். கெட ஆரம்பிச்ச தோலுன்னா முடி கையோட வந்துடும். அது எங்க வாப்பா சொல்லிக் குடுத்தது. மூக்கு சும்மா பந்தாவுக்கு. கொரோனாவுக்கு முன்னாடியும் பாதி வெரலுதான் சார்."

மேடம், கொஞ்சம் என் நிலையில் இருந்து பாருங்கள். மூன்று வருஷம். இரண்டு விருது. ஒரு பேனர். ஒரு கட்டைவிரலின் மூளை வரைபடத்தையா நான் பாரிசில் காட்டினேன்? என் மேசையில் பேடா வைத்த ஒவ்வொரு முறையும் இந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதானே வைத்தார்? நம்பிக்கைத் துரோகம் என்ற வார்த்தையை நான் அதுவரை செய்தித்தாளில்தான் படித்திருந்தேன்.

ஆனால் நான் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "தொட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "அதுக்குத்தான் சார் உங்ககிட்ட வந்ததே. பெருமாள் பக்கத்துலயே நிப்பான். அவன் மொகத்தப் பாத்துக்கினேதான் நாலு வருசமா ஓட்டறேன். அவன் மூஞ்ச சுளிச்சா இருடான்னுவேன், சும்மா இருந்தா எறங்குன்னுவேன். அவனுக்குத் தெரியாது, அவன் மூக்க வெச்சே அவன எறக்கறேன்னு. எத்தினி நாளைக்கு சார் இப்பிடி? பயமா கீது. முதுகு வலி, மூட்டு வலி, எதுனா எழுதி, தொட்டி வேலையிலேர்ந்து மட்டும் என்னை எடுத்துடச் சொல்லி ஒரு சீட்டு குடுங்க. மூக்கு போச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. நீங்க சொன்னா சமீருல்லா சாப் கேப்பாரு."

அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு துண்டுச் சீட்டு.

நான் யோசித்தேன். இந்த ஆள் தொட்டி வேலையை விட்டால் ஏன் என்று பத்து பேர் கேட்பார்கள். ஆம்பூரில் அந்தக் கேள்வி சாயங்காலத்துக்குள் வேலூர் வரும். மூக்கு பாயின் மூக்குக்கு என்ன ஆச்சு என்று லாங் பஜாரில் பேச்சு வந்தால், அடுத்த வாரம் யாராவது ஒரு பொறாமைக்காரன் என் கட்டுரையைத் தூசி தட்டுவான். அறிவியலுக்கு அது நல்லதல்ல.

ஆகவே கணினியைத் திருப்பி, அவருடைய ஸ்கேன் படத்தைக் காட்டினேன்.

"பாய், இது யார் மூளை?"

"என்னுதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அத்தர்னதும் எப்படி எரியுது பாருங்க. வாசனை தெரியாத மூளை இப்படி எரியுமா?"

பேரைக் கேட்டாலே ஞாபகத்தால் எரியும். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"உங்க மூளைக்கு வாசனை போய்க்கிட்டுதான் இருக்கு. உங்களுக்குத்தான் அது கேட்கல. நீங்க மத்தவங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்ததால மூளை பேசறதை நிறுத்திடுச்சு. இனிமே பெருமாள் முகத்தைப் பார்க்காதீங்க. தொட்டிகிட்ட உட்கார்ந்து கண்ணை மூடிக்குங்க. நூறு எண்ணுங்க. ஆபத்துன்னா நெஞ்சுல ஒரு படபடப்பு வரும். அது வரலைன்னா தைரியமா இறங்கச் சொல்லுங்க."

அவர் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப என் மூக்கு போவலியா சார்?"

"போகல" என்றேன்.

எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. சொன்னேனே, ஆசையாகக் கொடுப்பதைத் தள்ளுகிற சுபாவம் எனக்கு இல்லை.

மார்ச்சில் சமீருல்லா வந்தார். தோல் வாங்குகிற வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனியிலிருந்து ஒருவர் டேனரியைச் சோதனை போட வந்தாராம். வாயுவை எதை வைத்து அளக்கிறீர்கள் என்று கேட்டாராம்.

"எங்ககிட்ட ஒரு மூக்கு இருக்குன்னேன் சார். அவரு சிரிக்கல. பேப்பர் இருக்கான்னாரு" என்றார் சமீருல்லா. "பேட்டரி வாங்கிப் போட்டா முடிஞ்சுது. ஆனா அந்த மெஷினை வருஷா வருஷம் சென்னைக்கு அனுப்பி முத்திரை குத்தணுமாம், ஒரே பேஜார். நீங்க ஒரு லெட்டர் குடுத்துட்டா..."

கொடுத்தேன். 'திரு முனீர் அகமது அவர்களின் நுகர்புலன் சராசரி மனிதரினும் பன்மடங்கு கூர்மையானது என எம் மையத்தின் மூளை ஆய்வில் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது.' முத்திரையும் குத்தினேன். பாய் அதை ஒரு நகல் எடுத்து லேமினேட் செய்து வீட்டுக் கூடத்தில் மாட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். லுப்னா அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ய மறுத்துவிட்டாள். "முனீர் சாச்சாவுக்கு நாலுதான சார் வந்துச்சு" என்றாள். அது மாதிரி நாட்களும் உண்டும்மா என்று சொல்லி நானே தட்டச்சு செய்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

ஜூன் பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்குத் தொட்டியைத் திறந்தார்கள். அப்போது அங்கே நின்றவர்கள் உங்களிடம் சொன்னதை நானும் படித்தேன். பெருமாள் முகத்தைச் சுளித்து, "இன்னா பாய், இன்னிக்குக் கப்பு ஜாஸ்தியா கீது" என்றிருக்கிறான். பாய் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். "பேசாதடா, எண்ணிக்கினு கீறேன்" என்றாராம். பெருமாள் சிரித்து, "லெட்டர் வாங்குனதுலேர்ந்து பாய்க்கு ரொம்பத்தான்" என்று சொல்லிவிட்டு விளிம்பிலேயே நின்றிருக்கிறான். பாய் எண்ணி முடித்தபோது அவனே சொன்னானாம்: "இப்ப கம்மியாயிடுச்சு பாய். சுத்தமா நாத்தமே இல்ல."

பதினேழாம் அடிக்குறிப்பு. அச்சுப் பிசகாமல்.

"எறங்கு" என்றார் பாய். அவருக்குப் படபடப்பு எதுவும் வரவில்லை. வருவதற்கு ஏது வழி?

பெருமாள் நாலாவது படியில் விழுந்தான். பாய் குப்புறப்படுத்து அவன் சட்டைக் காலரைப் பிடிக்கப் போய் மயங்கிவிட்டார். அவரை இழுத்துப்போட்டார்கள். பெருமாளை எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே முறைப்படி நடந்தது. உலகத்தரமான மூக்கு இருந்தும் ஒரு ஆளை இறக்கினார் என்றால் அது அஜாக்கிரதைதான் என்று சமீருல்லா புகார் எழுதிக் கொடுத்தார். ஆதாரம், என் கடிதம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பாயைக் கைது செய்தார்கள். அவருடைய மனைவி சுகரா பேகம் லேமினேட் செய்த அந்த நகலைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், பெருமாள் பொஞ்சாதி எங்க வாசல்ல மண்ணை வாரி எறிஞ்சுட்டுப் போறா. ஒரே தெரு சார். அவர் மூக்குல எதுனா கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாங்களாமே. வக்கீல் சொல்றாரு."

"அவர் மூக்குல கோளாறு இல்லம்மா" என்றேன். "அன்னிக்குக் கவனிக்காம விட்டுட்டாரு."

அந்த அம்மாள் அந்த அட்டையை முந்தானையால் துடைத்து, பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று மாலைதான் லுப்னா அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்திருக்கிறாள்.

முனீர் அகமது போலீசில் கொடுத்த வாக்குமூலத்தை நேற்று நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நீங்கள் கவனித்திருக்கலாம். என்னைப் பற்றி ஒரு குறைகூட அவர் சொல்லவில்லை. 'மூளை சொல்லித்தான் இருக்கும். எனக்குத்தான் கேக்கல. பெருமாளை நான்தான் கொன்னேன்' என்று இருந்தது. இருபது சீசாவில் என்னை ஏமாற்றிய மனிதர், கடைசியில் என் விளக்கத்தை ஒரு எழுத்து மாறாமல் நம்பியிருக்கிறார். அந்த ஒரு விஷயத்துக்காக அவர் எனக்குச் செய்ததை நான் மன்னித்துவிட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்ட கேள்விக்கு நேரான பதில்: சான்றிதழ் பொய். எழுதும்போதே பொய் என்று தெரியும். கண்ணை மூடச் சொன்னது நான். மூடியிராவிட்டால் பெருமாளின் முகத்தைப் பார்த்திருப்பார், "இருடா" என்றிருப்பார், அவன் பீடி பற்றவைக்கப் போயிருப்பான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு கோரிக்கை. பாயை நீங்கள் விடுதலை செய்வீர்கள் என்று நினைக்கிறேன், செய்யவும் வேண்டும். அவர் ஆம்பூருக்குக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் எங்கள் மையத்துக்கு அழைத்துவர அனுமதி வேண்டும். தனக்கு வாசனை தெரிகிறது என்று மனப்பூர்வமாக நம்புகிற, வாசனையே தெரியாத ஒரு மூளை, உலகத்தில் யாருக்கும் இதுவரை கிடைத்ததில்லை. அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். மறுக்கமாட்டார். இந்த முறை பெயர் சொல்லாமல்தான் கொடுப்போம்.